அகராதியில் ஏறிய அரட்டை

செல்போன் திரையில் பிறந்த கொச்சைச் சொற்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் இடம் கொடுக்கின்றன. மொழி கெட்டது என்று ஒரு சாரார் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். சொற்களை உள்ளே விடுவது யார்? எந்தக் கணக்கில்?

2025 மார்ச் மாதம், ஆஸ்திரேலிய நாடாளுமன்றம். எதிர்க்கட்சியின் திட்டங்களைச் சாடிக்கொண்டிருந்த பிரதமர் அந்தோணி அல்பனீசி, அவர்களை 'டெலூலு வித் நோ சொலூலு' என்றார். முடிந்தால் இதை அவையில் சொல்லுங்கள் பார்க்கலாம் என்று பாட்காஸ்ட் நடத்தும் இருவர் விட்டிருந்த சவாலை அவர் ஏற்றுக்கொண்டிருந்தார். 'டெலூஷன்' என்றால் பிரமை. பிரமையில் திளைப்பவரைச் செல்லமாகவும் கொஞ்சம் நக்கலாகவும் குறிக்க, கொரிய பாப் இசைக் குழுக்களின் ரசிகர் வட்டத்தில் புழங்கிய சொல் 'டெலூலு'. மேடையில் பாடும் பையன் ஒரு நாள் தன்னைத் தேடி வந்து கல்யாணம் செய்துகொள்வான் என்று மனதார நம்பும் ரசிகைதான் அசல் டெலூலு. 'சொல்யூஷன்' அதே தாளத்தில் 'சொலூலு' ஆயிற்று. ஆக, பிரதமர் சொன்னது: பிரமை உண்டு, தீர்வு கிடையாது.

ஐந்து மாதம் கழித்து, தான் ஓராண்டில் சேர்த்துக்கொண்ட 6,000-க்கும் மேற்பட்ட புதிய சொற்கள், தொடர்கள், பொருள்கள் பற்றிக் கேம்பிரிட்ஜ் அகராதி அறிவித்தபோது அதில் டெலூலு இருந்தது. கூடவே 'ஸ்கிபிடி'யும் இருந்தது. கழிப்பறைத் தொட்டியிலிருந்து மனிதத் தலை எட்டிப்பார்க்கும் ஒரு யூடியூப் தொடரிலிருந்து கிளம்பி, பள்ளிக்கூடப் பையன்களின் வாயில் குடியேறிய சொல் அது. நன்றாக இருக்கிறது என்பதற்கும் ஸ்கிபிடி, மோசம் என்பதற்கும் ஸ்கிபிடி, சும்மா சொல்லிவைப்பதற்கும் ஸ்கிபிடி. இதற்குமா அகராதியில் இடம் என்று கேட்காதவர்கள் குறைவு.

இந்தச் செய்தி வரும்போதெல்லாம் பத்திரிகைகள் தவறாமல் பயன்படுத்தும் வார்த்தை 'அங்கீகாரம்'. இன்ன சொல்லுக்கு ஆக்ஸ்ஃபோர்டின் அதிகாரபூர்வ அங்கீகாரம் கிடைத்துவிட்டது என்பார்கள். ஏதோ ரேஷன் கார்டில் பெயர் சேர்த்ததுபோல. உண்மையில் ஆங்கிலத்துக்கு அப்படி ஓர் அலுவலகம் கிடையாது. முத்திரை குத்தும் அதிகாரியும் கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் பல்கலைக்கழகப் பதிப்பகங்கள். அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டர் ஒரு வணிக நிறுவனம். ஒரு சொல் நல்லதா, அழகா, நாளை இருக்குமா என்பதெல்லாம் அங்கு முதல் கேள்வி அல்ல. புழக்கத்தில் இருக்கிறதா, அதற்குச் சான்று உண்டா என்பதுதான் கேள்வி.

சான்று சேர்ப்பதில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்கு நெடிய பழக்கம். 1857-ல் யோசனை முளைத்து, 1884-ல் முதல் பகுதி வெளியாகி, 1928-ல்தான் வேலை முடிந்தது. பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரே தன் தோட்டத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் எழுதி அனுப்பிய காகிதச் சீட்டுகளை அதில் அடுக்கினார். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு சொல், அது வந்த வாக்கியம், நூலின் பெயர், ஆண்டு. மனநோயர் காப்பகத்தில் அடைபட்டிருந்த ஒரு முன்னாள் ராணுவ டாக்டரும் ஆயிரக்கணக்கில் சீட்டு அனுப்பியவர்களில் ஒருவர். இன்று சீட்டின் இடத்தில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பத்திரிகை, நாவல், இணைய அரட்டை என்று நூற்றுக்கணக்கான கோடிச் சொற்கள் அடங்கிய திரட்டுகளில் புதுச்சொல் எவ்வளவு அடிக்கடி, எங்கெங்கே, எவ்வளவு காலமாக வருகிறது என்று பார்க்கிறார்கள். தத்துவம் மாறவில்லை.

எத்தனை காலம் பொறுத்திருந்து பார்ப்பது? சுமார் 10 ஆண்டு என்பது ஆக்ஸ்ஃபோர்டின் பழைய வழக்கம். 2013 ஜூனில் ட்விட்டரில் எழுதுவதைக் குறிக்கும் 'ட்வீட்'டைச் சேர்த்தபோது அந்த விதி மீறப்பட்டது. அப்போது தலைமைப் பதிப்பாசிரியராக இருந்த ஜான் சிம்ப்சன் அதை மறைக்கவில்லை. விதியை மீறிவிட்டோம், ஆனால் சொல் என்னவோ ஒட்டிக்கொள்ளும்போலத் தெரிகிறது என்று குறும்பாகவே எழுதினார். அந்த நிறுவனம் 2023-ல் பெயரை 'எக்ஸ்' என்று மாற்றிக்கொண்டது. கம்பெனி பெயரை மாற்றினாலும் சொல் அகராதியிலிருந்து போகாது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி ஒருமுறை சேர்த்த சொல்லை நீக்குவதில்லை. வழக்கொழிந்தது என்று ஒரு குறி போடும், அவ்வளவுதான்.

கூச்சல் பெரிதாக எழுந்தது அதற்கும் முன்பு, 2011 மார்ச்சில். 'ஓ.எம்.ஜி.', 'எல்.ஓ.எல்.', 'எஃப்.ஒய்.ஐ.' மூன்றும் அப்போது சேர்ந்தன. அவற்றோடு இதயச் சின்னமும் அகராதியில் ஏறிவிட்டதாக உலகெங்கும் செய்தி வந்தது. படம் ஏறவில்லை. 'ஹார்ட்' என்ற சொல்லுக்கு 'நேசி' என்ற வினைப்பொருள் சேர்ந்தது. நியூயார்க்கை நேசிக்கிறேன் என்பதை இதயப் படம் போட்டுச் சொன்ன 1970-களின் விளம்பரமும், அதைப் பார்த்து அச்சான டி-ஷர்ட்டுகளும் பிறப்பித்த பொருள் அது. பனியனிலிருந்து அகராதிக்குப் போன சொற்கள் அதிகம் இருக்காது.

அதைவிட ருசியான விஷயம் ஓ.எம்.ஜி.யின் பூர்வீகம். 'ஓ மை காட்' என்பதை நேரமில்லாத இளசுகள் சுருக்கிவிட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அகராதிக்காரர்கள் தேடிப்போனபோது முதல் சான்று 1917-ல் கிடைத்தது. எழுதியவர் பிரிட்டிஷ் கடற்படையின் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகிய அட்மிரல் ஃபிஷர் பிரபு. அப்போது வயது 76. கடிதம் போனது வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு. புதிதாக ஒரு வீரப்பட்டம் வரப்போவதாகக் கேள்வி என்று கிண்டலாக எழுதி, அந்தச் சுருக்கத்தைப் போட்டு, விரிவையும் பக்கத்திலேயே எழுதிவைத்தார் கிழவர். செல்போன் தலைமுறைமேல் சுமத்தப்பட்ட பழி ஒரு முதல் உலகப் போர்க் காலத்து அட்மிரல்மேல் போய் விழுந்தது.

எல்.ஓ.எல்.லுக்கும் ஒரு முன்ஜென்மம் உண்டு. 1960-ல் அதற்குப் பொருள் வேறு: 'சின்ன வயதான அம்மாள்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். வாய்விட்டுச் சிரிப்பதை அது குறிக்கத் தொடங்கியது 1980-களின் கடைசியில், கம்ப்யூட்டர்கள் வழியே அரட்டை அடிக்கத் தொடங்கியவர்களிடையே. எல்லோருக்கும் அது எட்டவில்லை. பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரூன் தன் செய்திகளின் முடிவில் இதைப் போடுவார், 'நிறைய அன்புடன்' என்று அதற்கு அர்த்தம் என நினைத்து. அர்த்தத்தை எடுத்துச் சொன்ன பிறகு நிறுத்திக்கொண்டார் என்று பத்திரிகை உலகப் பெரும்புள்ளி ரெபெக்கா புரூக்ஸ் 2012 மே மாதம் லெவிசன் விசாரணைக் கமிஷன் முன் சாட்சி சொன்னார். அவசரத்துக்கு அகராதியைப் புரட்டியிருந்தால் பிரதமருக்கு இந்தத் தர்மசங்கடம் வந்திருக்காது. முந்தைய ஆண்டே சொல் ஏறிவிட்டது.

'செல்ஃபி'யின் ஜாதகம் இன்னும் துல்லியம். 2002 செப்டம்பர் 13. ஆஸ்திரேலிய இளைஞர் ஒருவர் பிறந்தநாள் விருந்தொன்றில் குடித்துவிட்டு விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டார். இணையத்தில் அந்த உதட்டின் படத்தைப் போட்டு, படம் தெளிவில்லாததற்கு மன்னிப்புக் கேட்கும்போது, தானே எடுத்தது என்பதற்கு இந்தச் சொல்லைப் போட்டார். சொற்களைக் குழந்தைபோலச் சுருக்கி 'ஈ' ஒலியில் முடிப்பது ஆஸ்திரேலியர்களின் வாடிக்கை. 2013-ல் இதன் புழக்கம் ஓராண்டில் 17,000 சதவீதம் கூடியதாகச் சொல்லி, ஆண்டின் சொல்லாக அறிவித்தது ஆக்ஸ்ஃபோர்டு.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு என்றால் ஒரே அகராதி அல்ல. அன்றாட ஆங்கிலத்தைக் காட்டும் இணைய அகராதி ஒன்று இருந்தது. அதில் சொற்கள் சீக்கிரம் ஏறின. சொல்லின் முழு வரலாற்றையும் ஆண்டு வாரியாகத் தரும் பெரிய அகராதி இன்னொன்று. அதன் நடை யானை நடை. செல்ஃபி முதலாவதில் 2013-ல் ஏறியது. இரண்டாவதில் ஏற 2014 ஆயிற்று. 'அகராதியில் ஏறிவிட்டது' என்று செய்தி வந்தால், எந்த அகராதி என்று கேட்பது நல்லது.

சில சொற்களைப் புதுசு என்று திட்டுவதே தவறு. ஃபேஸ்புக்கில் நட்பை முறித்துக்கொள்வதைக் குறிக்கும் 'அன்ஃபிரெண்ட்' 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே வினைச்சொல்லாக இருந்திருக்கிறது. பாப் பாடகிகளின் இடுப்பாட்டத்தைக் குறிக்கும் 'ட்வெர்க்'கின் வேரைத் தேடிய ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 1820-க்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஓயாமல் ரீல்ஸ் பார்த்து மூளை மழுங்கிப்போவதைச் சொல்லும் 'பிரெய்ன் ராட்' 2024-ல் ஆண்டின் சொல். அதன் முதல் சான்று தோரோவின் 'வால்டன்', 1854. இவற்றுக்கெல்லாம் கிடைத்த பாட்டனார் ஸ்கிபிடிக்குக் கிடைக்க மாட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாக் கொச்சைக்கும் குலப்பெருமை தேடுவது இன்னொரு மூடநம்பிக்கை.

புலம்பல்களிலேயே பெரியது இணையம் பிறப்பதற்கு முன்பே நடந்து முடிந்தது. 1961-ல் வெப்ஸ்டரின் மூன்றாம் சர்வதேச அகராதி வெளிவந்தது. பதிப்பாசிரியர் ஃபிலிப் கோவ். பள்ளி ஆசிரியர்கள் பிரம்பைக் காட்டி விரட்டிக்கொண்டிருந்த 'ஐன்ட்' என்ற சொல்லை, படித்தவர்களும் பேச்சில் பயன்படுத்துகிறார்கள் என்று குறித்தார். 'பேச்சு வழக்கு' என்ற முத்திரையையே அகராதியிலிருந்து எடுத்துவிட்டார். அமெரிக்கப் பத்திரிகைகள் பொங்கி எழுந்தன. நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் எழுதிக் கண்டித்தது. துப்பறியும் நாவலாசிரியர் ரெக்ஸ் ஸ்டவுட் அடுத்த ஆண்டு எழுதிய கதையில் அவருடைய துப்பறிவாளர் அந்த அகராதியைப் பக்கம் பக்கமாகக் கிழித்து அடுப்பில் போடுகிறார். அமெரிக்கன் ஹெரிட்டேஜ் நிறுவனம் மெரியம் கம்பெனியையே விலைக்கு வாங்கப் பார்த்தது. அது நடக்காததால் 1969-ல் போட்டியாகத் தானே ஓர் அகராதி வெளியிட்டது. எது சரி, எது தவறு என்று சொல்ல அதில் அறிஞர் குழுவே இருந்தது. அகராதி நீதிபதியா, சாட்சியா என்ற வழக்கு அப்போதுதான் தெருவுக்கு வந்தது.

ஆனால் இன்றைய குழப்பத்தில் அகராதிக்காரர்களுக்கும் பங்கு உண்டு. சாட்சி என்று சொல்லிக்கொண்டே அவர்கள் தங்கள் கடைக்கும் கூட்டம் சேர்க்கிறார்கள். 'ஆண்டின் சொல்' என்பது பெருமளவுக்கு விளம்பரம். 2015-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஒரு சொல்லையே தேர்ந்தெடுக்கவில்லை. சிரித்துக் கண்ணீர் விடும் பொம்மை முகத்தை ஆண்டின் சொல் என்றது. 2023-ல் 'ரிஸ்' வந்தது. எதிர்பாலாரைக் கவர்ந்திழுக்கும் திறமை என்று பொருள். 'கரிஸ்மா'வின் நடுப்பகுதியை வெட்டியெடுத்தது என்கிறார்கள். 2025-ல் டிக்‌ஷனரி டாட் காம் இன்னும் ஒரு படி மேலே போய் '67' என்ற எண்ணைப் பிடித்தது. சிறுவர்கள் கையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு 'சிக்ஸ் செவன்' என்று கத்துகிறார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் அர்த்தம் இல்லாததுதான் அதன் அழகாம். இப்படித் தேர்ந்தெடுப்பதற்கும் அகராதியில் பதிவதற்கும் சம்பந்தம் இல்லை என்பதை அறிவிப்பின் கடைசி வரியில் சொல்கிறார்கள். தலைப்பைப் படிப்பவர்கள் கடைசி வரிக்குப் போவதில்லை.

அதிகாரபூர்வம் என்றால் என்ன என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டுமானால் சீனாவையும் பிரான்ஸையும் பார்க்க வேண்டும். சீனாவில் தரமான அகராதி என்று எல்லோரும் புரட்டுவது, அரசின் சமூக அறிவியல் அகாடமி தயாரிக்கும் தற்காலச் சீன அகராதி. இணையத்தில் பிறந்த 'கெய்லி' என்ற சொல்லை, பிரமாதம், தெம்பூட்டுவது என்று பொருள், 2010 நவம்பரில் கட்சிப் பத்திரிகையான பீப்பிள்ஸ் டெய்லி முதல் பக்கத் தலைப்பிலேயே போட்டது. நாடே மூக்கில் விரல் வைத்தது. 2012-ல் வந்த ஆறாம் பதிப்பில் கெய்லிக்கு இடம் கிடைத்தது. ஆனால் வயது ஏறியும் மணமாகாத பெண்களையும் ஆண்களையும் குறிக்கும் 'மிஞ்சிப்போனவர்கள்' என்ற சொற்களுக்குக் கிடைக்கவில்லை. அப்படி அழைப்பது மரியாதை அல்ல என்றார்கள் தொகுப்பாளர்கள். நல்ல எண்ணம்தான். 'தோழர்' என்ற சொல்லைத் தன்பால் ஈர்ப்பாளர்கள் தங்களுக்குள் பயன்படுத்தும் பொருளும் விடப்பட்டது. தெருவில் எல்லோர் வாயிலும் இருந்த சொல் புத்தகத்தில் இல்லை. வேண்டாததைப் பதியாமல் விடும் அதிகாரம் வந்துவிட்டால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதுவே போதும்.

பிரெஞ்சு அகாடமி 1635-ல் தொடங்கிய அமைப்பு. ஈ-மெயிலுக்குப் பதில் 'கூரியெல்' என்று 2003-ல் பிரெஞ்சு அரசிதழ் ஆணையிட்டது. 2013-ல் ஹேஷ்டேகுக்கும் ஒரு பிரெஞ்சுச் சொல்லைத் தந்தது. ஜனங்கள் தலையாட்டிவிட்டுப் பழைய சொல்லையே பிடித்துக்கொண்டார்கள். அகாடமி தன் அகராதியின் ஒன்பதாம் பதிப்பை 1986-ல் வெளியிடத் தொடங்கி 2024 நவம்பரில் முடித்து ஜனாதிபதி மக்ரோன் கையில் கொடுத்தது. வேலை நடந்த அந்தக் காலத்தில்தான் இணையம் வந்தது, செல்போன் வந்தது. 'ஸ்மார்ட்போன்', 'எமோஜி' போன்ற சொற்களை அதில் தேடியவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். தனியார் அகராதியான ரொபேர் அவற்றை எப்போதோ சேர்த்துவிட்டது. அதே ரொபேர் 2021-ல் ஆண், பெண் இருபாலுக்கும் பொதுவான 'இயெல்' என்ற பிரதிப்பெயரைத் தன் இணையப் பதிப்பில் சேர்த்ததும் கல்வி அமைச்சரே கண்டனம் தெரிவித்தார். புழக்கத்தில் இருக்கிறது, பதிந்தோம் என்பதுதான் ரொபேரின் பதில்.

பதிவதிலும் ஒரு நியாயம் பார்க்க வேண்டியிருக்கிறது. இணையச் சொல் என்று பத்திரிகைகள் கொண்டாடும் பலவும் இணையத்தில் பிறந்தவை அல்ல. அமெரிக்கக் கறுப்பின மக்கள் வீட்டிலும் தெருவிலும் பேசிவந்தவை. 'வோக்' என்பது அவர்களிடையே நெடுநாள் இருந்த சொல். விழித்துக்கொண்டிரு, உனக்கு இழைக்கப்படும் அநீதியைக் கண்டுகொள் என்ற எச்சரிக்கை. 1962-லேயே வில்லியம் மெல்வின் கெல்லி என்ற கறுப்பின எழுத்தாளர் நியூயார்க் டைம்ஸில் இந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்துக் கட்டுரை எழுதினார். எங்கள் சொற்களை வெள்ளையர்கள் எடுத்துக்கொள்ளும்போது நாங்கள் வேறு சொல்லுக்குப் போய்விடுகிறோம் என்பது அதன் சாரம். 2017-ல் ஆக்ஸ்ஃபோர்டு இந்தப் பொருளைச் சேர்த்தது. இன்று அரசியல் மேடைகளில் வோக் ஒரு வசைச்சொல். எங்கிருந்து வந்தது என்ற பதிவு மட்டும் இல்லையென்றால் வசைதான் அதன் ஒரே பொருள் என்று நாளைய வாசகர் நினைத்துக்கொள்வார்.

2014-ல் அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பதின்வயதுப் பெண் தன் புருவத்தின் அழகை மெச்சிக்கொண்டு சில விநாடி வீடியோ போட்டார். அதில் அவர் சொன்ன 'ஆன் ஃப்ளீக்' என்ற தொடர் சில மாதங்களில் நாடெங்கும் பரவியது. உணவக நிறுவனங்கள் அதை வைத்துத் தங்கள் பண்டங்களுக்கு விளம்பரம் செய்தன. தனக்கு அதனால் காசு ஒன்றும் வரவில்லை என்று அந்தப் பெண் பிறகு பேட்டியில் சொன்னார். சொல்லுக்குக் காப்புரிமை இல்லை, இருக்கவும் முடியாது. ஆனால் யார் வாயில் பிறந்தது என்று ஒரு வரி எழுதிவைக்கலாம். ஆப்பிரிக்க அமெரிக்க ஆங்கிலத்துக்கென்றே ஓர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி, ஹார்வர்ட் பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் தலைமையில் தயாராகும் என்று 2022-ல் அறிவிக்கப்பட்டது இந்தக் கணக்கைத் தீர்க்கத்தான்.

இணைய அகராதிக்கு இடப்பஞ்சம் இல்லை. அச்சுப் புத்தகத்தில் ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும். ஏழு வயதுக் குழந்தைகளுக்கான ஆக்ஸ்ஃபோர்டு ஜூனியர் அகராதியின் 2007 பதிப்பில் 'பிளாக்', 'பிராட்பேண்ட்' போன்றவை நுழைந்தன. ஓக் மரத்துக் கொட்டை, மீன்கொத்தி, பட்டர்கப் பூ வெளியேறின. 2015-ல் மார்கரெட் அட்வுட் உள்பட 28 எழுத்தாளர்கள் கையெழுத்திட்டு ஆட்சேபித்தார்கள். குழந்தைகள் எதைப் பேசுகிறார்களோ அதைத்தான் தருகிறோம் என்றது பதிப்பகம். கொச்சை நுழைவதைப் பார்த்து எழும் கூச்சலைவிட இந்த ஆட்சேபத்தில் அர்த்தம் அதிகம். 22 ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 நவம்பரில் மெரியம்-வெப்ஸ்டர் தன் கல்லூரி அகராதியைப் புதிதாக அச்சிட்டபோது 5,000-க்கும் மேற்பட்ட சொற்கள் சேர்ந்தன. அதில் ரிஸ் உண்டு. இடம் கொடுக்க ஊர்ப் பெயர்களும் பெரியோர் பெயர்களும் அடங்கிய பின்னிணைப்புகள் நீக்கப்பட்டன. சூழ்ந்துகொள் என்ற பொருளில் ஷேக்ஸ்பியர் 'ஒதெல்லோ'வில் எழுதிய 'என்வீல்' என்ற சொல்லும் போயிற்று.

நமக்கு இதில் என்ன? 2016-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 'ஐயோ'வைச் சேர்த்தது. தென்னிந்தியரும் இலங்கையரும் ஆங்கிலம் பேசும்போது நடுவே போடும் ஐயோதான். அடுத்த ஆண்டு 'அண்ணா' வந்தது, இந்தியச் சொற்கள் சுமார் 70 சேர்ந்தபோது. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணியும் கப்பலேறிப் போய் ஆங்கிலத்தில் குடியேறி நூற்றாண்டுகள் ஆகின்றன. ஆனாலும் ஐயோ செய்தியைத் தமிழ்ப் பத்திரிகைகள் கொண்டாடிய விதத்தில், தமிழ்ச் சொல்லுக்கு யாரோ வேலை போட்டுக் கொடுத்துவிட்ட சந்தோஷம் தெரிந்தது. அந்த ஐயோ தமிழ்ச் சொல்லாக ஏறவில்லை, ஆங்கிலச் சொல்லாகத்தான் ஏறியிருக்கிறது என்பதைக் கவனித்தவர்கள் சிலர்.

தமிழ்ச் சொல் எது என்ற கேள்விக்கு இங்கே காசு மதிப்பே இருந்தது. தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி கிடையாது என்று 2006-ல் தமிழக அரசு அறிவித்ததும், 'ஜில்லுனு ஒரு காதல்' ஒரே எழுத்தை மாற்றிக்கொண்டு 'சில்லுனு ஒரு காதல்' ஆயிற்று. 2016-ல் 'கெத்து' படத்துக்கு, அது தமிழ்ச் சொல் அல்ல என்று வரிவிலக்கு மறுக்கப்பட்டது. விவகாரம் சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. சென்னைத் தெருவில் சின்னப் பையனுக்கும் தெரிந்த சொல் தமிழா இல்லையா என்று வக்கீல்கள் வாதாட வேண்டியிருந்தது. அகராதி நீதிபதி அல்ல, சாட்சிதான். ஆனால் சாட்சி இல்லாத வழக்கு என்ன பாடுபடும் என்று வக்கீல்களுக்குத் தெரியும்.

நமக்கு அகராதி இல்லாமல் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்ஸிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். பேச்சு வழக்குக்கும் வட்டார வழக்குக்கும் அது இடம் கொடுத்தது. எழுத்திலும் பேச்சிலும் இன்று எப்படிப் புழங்குகிறதோ அப்படியே சொல்லைப் பதிவது என்று முடிவு செய்து 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' 1992-ல் வந்தது. ஓர் இலக்கியப் பதிப்பகம் தன் கைக்காசையும் நண்பர்களின் உழைப்பையும் போட்டுச் செய்த வேலை. இரண்டாம் பதிப்பு 2008, மூன்றாவது 2020. மூன்றாவது வந்த அதே நவம்பரில் அதன் பின்னால் இருந்த க்ரியா எஸ். ராமகிருஷ்ணன் காலமானார். வட்டாரச் சொற்களுக்கோ நாவலாசிரியர்கள்தான் கொட்டகை போட வேண்டியிருந்தது. கரிசல் சொற்களை கி. ராஜநாராயணன் 1982-ல் தொகுத்தார். கொங்குச் சொற்களைப் பெருமாள்முருகன் 2000-ல்.

மொழிபெயர்ப்பு மேஜையில் உட்காருபவர்களுக்கு இது அன்றாடத் தலைவலி. செல்ஃபி வந்தபோது தம்படம் என்றார்கள், தாமி என்றார்கள். வாசகர்கள் செல்ஃபி என்றே சொல்லிக்கொண்டார்கள். அரசு கலைச்சொல் குழுக்கள் புதிய பொருளுக்குப் புதிய பெயர் தருவதில் குறை வைப்பதில்லை. ஆனால் மக்கள் தாங்களாக உருவாக்கிய 'கலாய்', 'மொக்கை', 'பல்பு வாங்கினான்', 'வேற லெவல்' போன்றவற்றைப் பின்தொடர்ந்து போய், முதலில் எங்கே, எந்த ஆண்டு, யார் எழுதினார்கள் என்று சீட்டு எழுதுவது எந்தக் குழுவின் வேலையும் அல்ல. மொக்கை என்றால் முனை மழுங்கியது. அது சுவாரசியம் இல்லாத படத்துக்கும் பேச்சுக்கும் மனிதருக்கும் எப்போது பெயராயிற்று? சினிமா வசனத்திலா, கல்லூரி விடுதியிலா, வார இதழின் சிரிப்புத் துணுக்கிலா? உதட்டைக் கிழித்துக்கொண்ட ஆஸ்திரேலிய இளைஞரின் செல்ஃபிக்குத் தேதி இருக்கிறது. மொக்கைக்கு இல்லை. அதைச் சினிமாவுக்குக் கொண்டுவந்தவர்களும், வார இதழ்களில் முதலில் அச்சுக் கோத்தவர்களும் பெரும்பாலும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். போய்க் கேட்கலாம்.